ஊர்க் கிணற்றின் கணக்கு யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

உலகின் நன்னீரைக் காப்பதில் இளைஞர்களின் பங்கு என்ன என்ற பொருளில் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்களின் கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறோம். கேட்டவர்களில் பலர் மாணவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 வந்தால் எங்கள் கல்லூரியில் பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி என்று அமர்க்களப்படுகிறது. மறுநாள் யாருக்கும் எதுவும் நினைவில் இருப்பதில்லை. தண்ணீரில் பெரும்பங்கை வேளாண்மையும் ஆலைகளும் எடுத்துக்கொள்ளும்போது, என்னைப் போன்ற ஒருவன் குழாயைச் சரியாக மூடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது?
— கல்லூரி மாணவர், குறிஞ்சிப்பாடி வட்டம்

உங்கள் கணக்கு சரியானதுதான். உலகில் ஆறு, ஏரி, நிலத்தடி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கும், 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பகுதி ஆலைகளுக்கும் போகிறது. வீடுகளுக்கும் ஊர்களுக்கும் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டர் அளவுக்குத் தண்ணீரை வீணாக்குகிறது என்பதால் குழாயை மூடத்தான் வேண்டும். ஆனால் இளைஞரின் கடமை அத்துடன் முடிந்துவிட்டது என்று கற்பிப்பது, அவர்களைச் சிறுபிள்ளைகளாகவே வைத்திருக்கும் வேலை என்பது என் கருத்து.

பூமியிலுள்ள நீரில் நன்னீர் சுமார் 2.5 விழுக்காடு. அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு நிலத்தடியில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஆறுகளும் ஏரிகளும் ஒரு விழுக்காடு கூட இல்லை. அதாவது மனிதரின் கைக்கு எட்டக்கூடிய நன்னீரில் மிகப் பெரும்பகுதி நம் காலடியில்தான் உள்ளது. உலகிலேயே நிலத்தடி நீரை அதிகமாக இறைக்கும் நாடு இந்தியா. அந்த நீரை யாரோ ஓரிடத்தில் அமர்ந்து திறந்துவிடுவதில்லை. கோடிக்கணக்கான கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் தனித்தனியே இறைக்கின்றன. எவ்வளவு இருந்தது, எவ்வளவு எடுத்தோம், மழையில் எவ்வளவு திரும்பி வந்தது என்பது பெரும்பாலான ஊர்களில் எவருக்கும் தெரியாது. அந்தக் கணக்கை எழுதத் தொடங்குவதும், ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதுவதும், அதை ஊரின் முன் வைத்துப் பேசுவதும் இளைஞர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

அதற்கு அந்த மார்ச் 22-ஆம் நாளே வாய்ப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் அதில் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். 18 வயது நிரம்பிய நீங்கள், காலையில் பேரணிக்குப் போனாலும் போகாவிட்டாலும், உங்கள் ஊரின் பத்துக் கிணறுகளுடைய நீர்மட்டத்தை ஓராண்டுக்கு எழுதிய தாளோடு அந்தச் சபையில் எழுந்து நின்றால், அதை யாரும் எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது.

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் பாட்டி காலத்தில் இனிப்பாக இருந்ததாம். இப்போது வாயில் வைக்க முடியவில்லை, கரிக்கிறது. கடல் அங்கேயேதான் இருக்கிறது, கிணறும் இங்கேயேதான் இருக்கிறது. பிறகு உப்பு எப்படி வந்தது? நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
— பள்ளி மாணவி, தேவனாம்பட்டினம்

மகளே, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் உன்னுடையதுதான் மிகக் கூர்மையானது.

ஒரு லிட்டர் நன்னீர் ஆயிரம் கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். அந்தச் சிறிய எடை வேறுபாட்டால், கரையோர மண்ணுக்குள் மழைநீர் மேலேயும் கடல்நீர் அதன் அடியிலேயும் நிற்கின்றன. நன்னீரின் எடைதான் கடல்நீரைக் கீழே அழுத்தி, ஊருக்குள் வராமல் தடுத்து வைத்திருக்கிறது. எவ்வளவு ஆழத்துக்குத் தடுக்கிறது என்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அறிஞர்கள் ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்கள்: கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கை இப்போது திருப்பிப் பார். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவிட்டால், அடியிலிருக்கும் உப்புநீர் எல்லை காலப்போக்கில் 20 மீட்டர் மேலே ஏறிவிடும். மண்ணின் தன்மைக்கு ஏற்ப இது இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், கடல் இருந்த இடத்திலேயே இருக்கக் கிணறு கரிக்கத் தொடங்கியது பெரும்பாலும் இப்படித்தான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது உங்கள் ஊர்க் கரையிலும் கடல் தரைமேல் ஏறி வந்தது. அப்படி மேலிருந்து கிணற்றில் விழுந்த உப்பை அடுத்தடுத்த மழைகள் மெல்லக் கழுவிவிடும். கீழிருந்து ஏறி வரும் உப்பு அவ்வாறு போவதில்லை; இறைப்பதைக் குறைத்து மழைநீரை மண்ணுக்குள் இறக்கினாலும், அது பின்வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வராமல் பார்த்துக்கொள்வதே உறுதியான வழி.

நீ செய்யக்கூடியது இது. ஒரு நல்ல கயிற்றின் நுனியில் சிறிய எடையைக் கட்டி, கால் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள். கிணற்றுச் சுவரில் ஓரிடத்தில் சாயத்தால் குறி வைத்து, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். காலையில், எவர் வீட்டு மோட்டாரும் ஓடத் தொடங்கும் முன் அளந்தால்தான் மட்டம் உண்மையாகத் தெரியும். மாதம் ஒருமுறை, அதே தேதியில், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து எழுது. சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டாம். உன் பள்ளி ஆய்வகத்தில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், அதே நாளில் அந்த எண்ணையும் குறித்துக்கொள். இல்லாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லி ஒன்று வாங்கச் சொல்லலாம். விலை சில நூறு ரூபாய்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த மீட்டர் உப்பின் அளவை மட்டுமே காட்டும். கிருமியையும் நஞ்சையும் காட்டாது என்பதை மறந்துவிடாதே.

மே மாதக் கடைசியில் எடுத்த அளவையும் சனவரியில் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வடகிழக்குப் பருவமழை உங்கள் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்பது தெரிந்துவிடும். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது உன்னிடம் மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். பள்ளியை விட்டுப் போகும்முன் அந்தக் குறிப்பேட்டை அடுத்த வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போ.

மழைநீர் சேகரிப்பு எங்கள் அடுக்ககத்தில் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சொன்னால் "இந்தச் சின்ன மாடியில் என்ன பெரிதாகச் சேரப் போகிறது" என்கிறார்கள். இன்னொன்று, வீட்டில் உள்ள ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரைக் கண்டால் மனம் பதைக்கிறது.
— தகவல் தொழில்நுட்பப் பணியாளர், லாஸ்பேட்டை

நூறு சதுர மீட்டர் மாடியையே எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பெருக்கினால் 1,20,000 லிட்டர். ஆவியாவது, தெறிப்பது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 96,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி எட்டு வந்து கொட்டுவதற்குச் சமம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மின்தூக்கியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிக் கொட்டுவதை எல்லாம் தொட்டியில் பிடித்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வழக்கமான மழையைப் பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று கட்டிய அமைப்புகளில் பல இன்று பயனற்றுக் கிடப்பதற்குக் காரணம் பராமரிப்பு இல்லாததுதான்: குழாய் உடைந்து நீர் தெருவில் விழுகிறது, வடிகட்டும் குழியின் கூழாங்கல்லிலும் மணலிலும் சேறு படிந்து அடைத்துக்கொள்கிறது. புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, குழியின் மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட்டு, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே திருப்ப வேண்டும். அடுக்ககத்து இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும்.

ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தர மூன்று லிட்டர் வரை வெளியேற்றுவது உண்டு. குழாய் நீரின் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உப்புக்காக அந்தக் கருவி தேவையில்லை. அத்தகைய இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே கூறியது. முதலில் அளந்து பாருங்கள். தேவைதான் என்றால், கழிவாக வரும் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்திருப்பதால் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார விரும்புகிறோம். பொக்லைன் எந்திரத்துக்குப் பணமும் திரட்டிவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?
— இளைஞர் மன்றத்தினர், பாகூர்

ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், எந்திரத்தைச் சிறிது நாள் நிறுத்தி வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏரி என்றவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நீர் நிற்கும் பள்ளம் மட்டுமே. ஆனால் நீரைக் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், கரை, மதகு, ஏரி நிறைந்தால் நீர் வழியும் கலங்கல், மிகுந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழி ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீரைக் கொண்டுவருகிறது. அந்த வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தாலும், ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் பயன் இல்லை. முதல் வேலையாக, நீர் வரும் வழியை அதன் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்தே போய்ப் பாருங்கள். எங்கே குப்பை கொட்டியிருக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது, எங்கே வாய்க்கால் குறுகியிருக்கிறது என்று படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் நில வரைபடத்தை வாங்கி அந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். அளவு குறைந்திருக்கும் இடம் அங்கே தானாகத் தெரியும்.

அதற்குப் பிறகு, ஊரில் நீர்க்கட்டியாக, அதாவது மதகைத் திறந்து வயல்களுக்கு நீரைப் பங்கிடுபவராக, வேலை பார்த்த முதியவர் யாராவது இருந்தால் அவரோடு ஒரு மாலை உட்காருங்கள். எந்த மதகு முதலில் திறக்கும், எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை, பஞ்ச காலத்தில் பங்கீடு எப்படி மாறும் என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில்தான் இருக்கிறது. எழுதி வைத்த ஏடு பெரும்பாலும் கிடையாது. அதை எழுதி எடுப்பது தூர்வாருவதற்குச் சற்றும் குறைந்த பணி அன்று. குடிமராமத்து என்று ஊர் கூடி ஏரியைக் காத்த முறை சிதைந்ததற்கு, ஏரியின் பொறுப்பு முழுக்க அரசின் கைக்குப் போனதும், கிணறும் மோட்டாரும் வந்தபின் ஏரியை நம்ப வேண்டிய தேவை உழவருக்குக் குறைந்ததும் பெரிய காரணங்கள்.

மூன்றாவதாக, அனுமதியும் அளவும். பொதுப்பணித் துறையிடமோ, ஏரி யார் பொறுப்பில் உள்ளதோ அவர்களிடமோ எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள். வண்டல் மட்டுமே வெளியேற வேண்டும். அடியிலிருக்கும் களிமண் படுகையை உடைத்து ஆழப்படுத்தினால், பாசனத்துக்கென்று வெட்டிய ஏரி நீரைத் தாங்காமல் போகலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் கழனிக்கும் பாயாது. கரையைச் சுற்றிக் கற்பாதை, நடுவில் தீவு, வண்ண விளக்கு என்று அழகுபடுத்தும் வேலையில் பணத்தைச் செலவிடாதீர்கள். ஆழமற்ற ஓரங்களும் கோரைப் புதர்களும்தான் பறவைகள் வாழும் இடம். ஆகாயத்தாமரையை அகற்றலாம், அகற்றத்தான் வேண்டும். ஆனால் சாக்கடை கலப்பதை நிறுத்தாமல் அகற்றினால் சில மாதங்களில் மீண்டும் மூடிவிடும்.

ஊசுட்டேரி வாசகர்களுக்கும் இங்கே ஒரு சொல். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. இரு அரசுகளும் அவரவர் பகுதியைப் பறவைகள் புகலிடமாக அறிவித்திருக்கின்றன. ஆனால் தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. இரு பக்கத்து இளைஞர்களும் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொள்வது நல்லது.

அப்பா மூன்று ஏக்கரில் நெல் பயிரிடுகிறார். எப்போதும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நான் படித்ததைச் சொன்னால் "ஏட்டுச் சுரைக்காய்" என்கிறார்.
— வேளாண் மாணவர், திட்டக்குடி

அப்பாவுக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். வயலைச் சிறிது காயவிட்டுப் பின்பு நீர் பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்ப்பது நம் முன்னோர் அறிந்ததே. எந்த நாளில் பாய்ச்சுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு கருவியை மட்டும் வயலில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அகலமான பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். வயலின் மேல்நீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் நீர் தெரியும். அது தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை பயிர் வாடாது. அப்போது பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இந்த முறையில் 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகிறது, விளைச்சலும் குறைவதில்லை.

ஒரு காணியில் மட்டும் இந்தப் பருவத்தில் செய்து காட்டுங்கள். அப்பா பார்க்கப் போவது குழாயை அல்ல, களத்தில் அளக்கும் மூட்டையை. மிச்சமான நீரில் இன்னும் அரை ஏக்கர் கரும்பு வைக்கலாமே என்ற எண்ணம் அடுத்து வரும். சொட்டுநீர்ப் பாசனம் வந்த பல இடங்களிலும் அப்படித்தான் சேமிப்பு கரைந்தது. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லாததால், இறைப்பதை நிறுத்தச் சொல்ல மின்கட்டண ரசீதும் வராது. அந்த இடத்தில் அப்பாவோடு பேச வேண்டியவர் நீங்கள்தான்.

எங்களைப் போன்ற இளைஞர்கள் எங்காவது உண்மையிலேயே ஏதாவது சாதித்திருக்கிறார்களா?
— வாசகி, முத்தியால்பேட்டை

1985-இல் இருபதுகளில் இருந்த ராஜேந்திர சிங், நண்பர்களோடு ராஜஸ்தானின் ஆல்வர் மாவட்டத்துக்கு மருத்துவமும் கல்வியும் அளிக்கும் எண்ணத்தோடு போனார். ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியது தண்ணீர் என்று சொன்னதும், மண்வெட்டியை எடுத்து, அங்கே ஜோகட் என்று அழைக்கப்படும் பழைய மண் குளங்களைச் சீராக்கத் தொடங்கினார். ஊர் மக்கள் கூட வந்தார்கள். வறண்டு கிடந்த அர்வாரி ஆறு பின்னர் மீண்டும் ஓடியது. 2015-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மரமற்ற செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடைகள் வழியே கடலைச் செந்நிறமாக்கியது. அங்கே குடியேறிய இளையோரும் சுற்றுவட்டார மக்களும் முதலில் வரப்புகளை உயர்த்தி மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள்; பின்னர்தான் மரம் வைத்தார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். ஒரு விடுமுறை நாள் போய் அந்த வரப்புகளைப் பார்த்து வாருங்கள்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சில நாட்களில் அடிகுழாய்த் தண்ணீரில் நிறமும் நெடியும் வருகின்றன. புகார் கொடுத்தால் என் படிப்புக்கும் அண்ணன் வேலைக்கும் இடைஞ்சல் வருமோ என்று அம்மா அஞ்சுகிறார்.
— பெயர் வேண்டாத வாசகர், கடலூர் அருகில்

அம்மாவின் அச்சம் நியாயமானது. அதைத் தைரியக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஆகவே தனியாக எதையும் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள்தாம் சாகும். கரைந்த வேதிப்பொருள்களில் பெரும்பாலானவை போகா, நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவும் கூடும். மாற்றுக் குடிநீர் கேட்டு ஊராட்சியிடம் ஊரார் பலர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுங்கள். இது யார்மீதும் குற்றம் சாட்டும் புகார் அல்ல என்பதால் அம்மாவுக்கும் மனம் ஆறும்.

அதே வேளையில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள்: தேதி, நேரம், எந்த அடிகுழாய், என்ன நிறம், என்ன நெடி, முந்தின நாள் மழை பெய்ததா என்பவை. நெடி வரும் நாளில் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீர் பிடித்து, இருவர் முன்னிலையில் மூடி, தேதியிட்டு ஒட்டுங்கள். "தண்ணீர் கெட்டுவிட்டது" என்னும் புகாருக்குக் கிடைக்காத கவனம், மூன்று மாதக் குறிப்புக்குக் கிடைக்கும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி நீர்நிலையையும் கிணற்றையும் மாசுபடுத்தக் கூடாது. அதைக் கவனிக்கும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. வாரியம் உங்கள் ஊரில் கடைசியாக எப்போது நீர் மாதிரி எடுத்தது, முடிவு என்ன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். அந்த விடை வந்தபின், உங்கள் குறிப்பேட்டின் படியை இணைத்து, மகளிர் குழுவினரையும் உழவர்களையும் முன்னிறுத்தி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். மனுவின் ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மூலக் குறிப்பேட்டை எவரிடமும் கொடுத்துவிடாமல் உங்களிடமே வைத்திருங்கள்.